மானியத்தை நம்பி வெளிநாட்டில் கமக்காணி வாங்கலாமா?

"தம்பி பிரான்சில் இருக்கிறான். அங்கே தோட்டக்காணி மலிவாம். வாங்கிப் போட்டால் அரசாங்கம் வருடாவருடம் மானியமும் தருமாம். இணுவிலில் நாலு பரப்பு வாங்குகிற காசுக்கு அங்கே ஐந்து ஏக்கர் வாங்கலாம் என்கிறான். என்ன செய்யலாம்?"

இந்தக் கேள்வி யாழ்ப்பாணத்தில் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. சிலர் இங்கே இருந்துகொண்டு, வெளிநாட்டுச் சகோதரத்தோடு பங்கு போட நினைப்பவர்கள். மற்றவர்கள் பரிசிலோ ரொறன்ரோவிலோ இருபது முப்பது வருடம் உழைத்து, இனி ஊரில் வாங்குவதா, இருக்கிற நாட்டில் வாங்குவதா என்று தடுமாறுபவர்கள்.

விலைக்கணக்கில் தம்பி சொல்வது பொய் இல்லை. பிரான்சில் குத்தகைக்காரர் இல்லாத வயல்நிலமும் புல்வெளியும் 2023இல் சராசரியாக ஹெக்டேயர் 6,200 யூரோ அளவில் கைமாறின. யூரோ 340 ரூபா என்று வைத்தால் ஹெக்டேயர் 21 இலட்சம். 16 பரப்பு ஒரு ஏக்கர், ஏறத்தாழ 40 பரப்பு ஒரு ஹெக்டேயர் என்ற நம் கணக்கில் ஒரு பரப்பு 53,000 ரூபாதான். வலிகாமத்துச் செம்மண்ணில் இந்தக் காசுக்கு வேலியும் போட முடியாது. இங்கே காணி விலை வெங்காயத்தாலும் புகையிலையாலும் ஏறியது அல்ல. வெளிநாட்டுக் காசு, சீதனம், வீடு கட்டும் ஆசை, இருக்கிற நிலத்தின் குறைவு எல்லாம் சேர்ந்து ஏற்றியது. பிரான்ஸின் உட்புறக் கிராமத்தில் நிலத்தின் விலை பெரும்பாலும் விளைச்சலின் விலை.

ஆனால் மானியம் பற்றித் தம்பி சொல்வதில் பாதிதான் உண்மை. மானியம் உழுகிறவன் கைக்குப் போகிறது. உறுதியில் பெயர் இருப்பவன் கைக்கு அல்ல. நான் பார்த்த நாடுகளில் அநேகமாக எல்லாவற்றிலும் இதுதான் நிலை, இலங்கையிலும் இதுதான். இதை மனதில் வைக்காமல் போடுகிற கணக்கு எல்லாம் பிழைத்துப் போகும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதலில், என் பெயரில் எழுதச் சட்டம் இடம் தருகிறதா? கடவுச்சீட்டு, வதிவிடம், தொழில் என்று மூன்று வகையாலும் தடை வரலாம்.

அடுத்தது காசு போகிற வழி. இலங்கையில் வதிகிறவர் வெளிநாட்டில் சொத்து வாங்க 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்துக்கு உட்பட்டே காசு அனுப்ப வேண்டும். 2020 ஏப்ரலில் இருந்து மூலதனக் கொடுக்கல் வாங்கலுக்கு அடுத்தடுத்து கட்டுப்பாடுகள் வந்தன. தளர்த்தலும் சிறிது சிறிதாகத்தான் வருகிறது. வங்கியிடம் எழுத்தில் பதில் வாங்காமல் அடி எடுத்து வைக்க வேண்டாம். "உண்டியலில் அனுப்பலாம்" என்று சொல்ல ஆள் இருப்பார்கள். அனுப்பலாம்தான். அங்கே நொத்தாரிசு "இந்தக் காசு எங்கிருந்து வந்தது?" என்று கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் தம்பி.

மூன்றாவது, யார் கமம் செய்வது? என்னைக் கேட்டால் இதையே முதலாவதாக வைப்பேன். நீங்களா, தம்பியா, குத்தகைக்காரரா என்று பெயர் சொல்ல முடியாவிட்டால் மானியத்தைப் பற்றிப் பேசுவதே வீண்.

நாலாவது, மறைந்து கிடக்கும் செலவு: பதிவுச் செலவு, வருடாந்த வரி, குத்தகைக்காரரின் உரிமை, விற்கும்போது குறுக்கே வருபவர்கள். கடைசியாக, பிள்ளைகள் காலத்தில் அந்தக் காணி யாருக்குப் போகும்?

## பிரான்ஸ்

இலங்கைக் கடவுச்சீட்டோடு இருப்பவரும் பிரான்சில் விளைநிலம் வாங்கச் சட்டம் தடுக்காது. ஆனால் பக்கத்தில் ஒருவர் நிற்பார்: சாஃபேர். 1960இல் உருவான நில நிறுவன அமைப்பு இது. கமக்காணி விற்பனை ஒவ்வொன்றையும் நொத்தாரிசு சாஃபேருக்கு அறிவிக்க வேண்டும். அவர்களுக்கு இரண்டு மாத அவகாசம். அந்த ஊரில் நிலம் தேடும் இளம் கமக்காரர் இருந்தால், உங்களுக்குப் பேசிய காணியைத் தாங்கள் வாங்கி அவருக்குக் கொடுக்கலாம். விலை கூடுதல் என்று பட்டால் குறைக்கவும் கேட்கலாம். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையில் பங்காளிக்கும் உரித்தாளிக்கும் முன்வாங்கும் உரிமை இருப்பதை அறிந்த நமக்கு இது அவ்வளவு புதுமை இல்லை. அங்கே அந்த உரிமை ஊருக்கு, கமத்தொழிலுக்கு.

சரி, காணி கைக்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது விவசாயக் கொள்கை 1962இல் தொடங்கியது. இப்போது ஓடுவது 2023 முதல் 2027 வரையான கட்டம். பிரான்சில் அடிப்படைக் கொடுப்பனவு, முதல் 52 ஹெக்டேயருக்கான மேலதிகக் கொடுப்பனவு, சூழல் நடைமுறைக்கான கொடுப்பனவு ஆகியவற்றைக் கூட்டினால் ஹெக்டேயருக்கு 200 யூரோ சுற்றளவில் வரும். இதைப் பெற "செயற்படும் கமக்காரர்" ஆக இருக்க வேண்டும். கமத்தொழிலாளர் சமூகக் காப்பில் விபத்துக் காப்புறுதி கட்டியிருக்க வேண்டும், வருடாவருடம் நில விவரத்தை இணையத்தில் பதிய வேண்டும். 67 வயது கடந்து ஓய்வூதியம் எடுப்பவருக்கு இல்லை. பரிசில் உணவகத்தில் வேலை செய்துகொண்டு, சனி ஞாயிறுகளில் காணியைப் பார்த்துவரும் தம்பி இந்த வரையறைக்குள் வருவது கடினம்.

அப்படியானால் குத்தகைக்குக் கொடுக்கலாமே? கொடுக்கலாம். அங்கே கமக்குத்தகை குறைந்தது 9 வருடம், குத்தகைப் பணத்துக்கும் மாவட்ட நிர்வாகம் மேல் கீழ் எல்லை போட்டிருக்கிறது. பெரும்பாலான இடங்களில் ஹெக்டேயருக்கு 100 முதல் 200 யூரோ. இரண்டு ஹெக்டேயரை 12,400 யூரோவுக்கு வாங்கினால் வருடம் 300 யூரோ குத்தகை. அதில் நிலவரி போக மிஞ்சுவது முதலின் நூற்றுக்கு இரண்டு. மானியம் முழுவதும் குத்தகைக்காரருக்கு. அவரை எழுப்புவதும் லேசில்லை: நீங்களோ வாழ்க்கைத்துணையோ பிள்ளையோ நேரடியாகக் கமம் செய்யப் போவதாக 18 மாதம் முன்பு அறிவிக்க வேண்டும், அதற்குத் தகுதியும் காட்ட வேண்டும். நீங்கள் விற்கும்போது முதலில் வாங்கும் உரிமையும் அவருக்கே. குத்தகைக்காரர் இருக்கிற காணி சற்று மலிவாகக் கிடைப்பதன் காரணம் இப்போது விளங்கும்.

பதிவு வரி நூற்றுக்கு ஆறு அளவில். அதற்கு மேல் நொத்தாரிசின் கட்டணம். சின்னக் காணிக்கு இந்தக் கட்டணம் விலையோடு ஒப்பிடும்போது பெரிதாகத் தெரியும்.

பிள்ளைகள் விடயத்தையும் பார்க்க வேண்டும். பிரெஞ்சுச் சட்டத்தில் பிள்ளைகளின் பங்கை மரணசாசனத்தாலும் பறிக்க முடியாது: ஒரு பிள்ளை என்றால் சொத்தில் பாதி, இரண்டு என்றால் மூன்றில் இரண்டு, மூன்றோ கூடவோ என்றால் நான்கில் மூன்று. யாழ்ப்பாணத்து அண்ணன் காசு போட்டுத் தம்பி பெயரில் மட்டும் எழுதினால், தம்பிக்குப் பிறகு காணி தம்பியின் பிள்ளைகளுக்கு. அண்ணன் போட்ட காசைப் பற்றி உறுதியில் ஒரு வரி இருக்காது. இருவர் பெயரிலும் எழுதினால் கூட்டுரிமை; அங்கேயும் ஒரு பங்காளி எந்த நேரமும் பிரிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

எல்லாம் இப்படி இருந்தாலும் பிரான்சுக்கு ஒரு நல்ல பக்கம் இருக்கிறது, அது நம் ஆட்களுக்குப் பொருந்துவது. 2023இல் இருந்து சிறு மரக்கறித் தோட்டத்துக்குத் தனி மானியம் வந்தது. அரை ஹெக்டேயராவது மரக்கறியோ சிறுபழமோ இருக்க வேண்டும், மொத்த நிலம் 3 ஹெக்டேயரைத் தாண்டக் கூடாது. ஹெக்டேயருக்கு ஏறத்தாழ 1,500 யூரோ. கோதுமைக்காரருக்கு 200 யூரோ வருகிற இடத்தில் தோட்டக்காரருக்கு இத்தனை. கோண்டாவிலிலும் நீர்வேலியிலும் கிணற்றுத் தண்ணீரில் சின்னத் தோட்டம் செய்து பழகிய கைக்கு இது ஏற்ற அளவு. 40 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் கமத்தொழில் சான்றிதழ் படிப்பு முடித்து, தொழில் திட்டம் காட்டினால் தொடக்க உதவியும் உண்டு. பிரான்சில் பிறந்து வளர்ந்த மகனோ மகளோ "தோட்டம் செய்யப் போகிறேன்" என்று நின்றால் தாராளமாகக் காசு போடுங்கள்.

## இங்கிலாந்து

இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடலாம். யாரும் வாங்கலாம், சாஃபேர் போன்ற அமைப்பு இல்லை. விலை ஏக்கர் 9,000, 10,000 பவுண் அளவில். பவுண் 400 ரூபா என்றால் பரப்பு இரண்டரை இலட்சம்.

"லண்டனில் நிலம் வைத்திருந்தாலே காசு வரும்" என்பது பழைய கதை. நிலப்பரப்புக்குக் கொடுத்த அடிப்படைக் கொடுப்பனவு 2023உடன் முடிந்தது. அதன் பிறகு 2027 வரை வரும் கொடுப்பனவு, முன்பு பெற்றவர்களுக்கு அவர்களின் பழைய கணக்கை வைத்துக் கொடுப்பது. இன்று வாங்குகிறவருக்கு அதில் ஒரு சதமும் இல்லை. பழையவர்களுக்கும் 2025இல் முதல் 30,000 பவுணில் நூற்றுக்கு 76 வெட்டு, அதற்கு மேற்பட்டதில் முழு வெட்டு. ஆகக்கூடியது 7,200 பவுண்தான். மண்ணையும் வேலியையும் பூச்சியினங்களையும் பேணுவதற்குக் கொடுத்த ஊக்கத் திட்டமோ 2025 மார்ச் 11ஆம் திகதி, முன்னறிவித்தல் இல்லாமல் புதிய விண்ணப்பங்களுக்கு மூடப்பட்டது. அன்று காலையில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தவர்கள் மாலையில் கை விரித்து நின்றார்கள்.

பணக்காரர் அங்கே கமக்காணி வாங்கியதற்கு மானியத்தைவிடப் பெரிய காரணம் மரபுரிமை வரியில் இருந்த சலுகை. 2026 ஏப்ரலில் இருந்து அதற்கும் உச்சவரம்பு. அத்தோடு குத்தகைக்குக் கொடுத்த நிலம் என்றால் ஏழு வருடம் வைத்திருந்தால்தான் அந்தச் சலுகை. நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை வருமானத்துக்காக அடைமானக் கடன் எடுத்து வாங்குவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. கையில் ரொக்கம் இருந்து, பிள்ளைகளுக்கு நிலமாகவே விட்டுப் போக விரும்புபவருக்கு மட்டும் இது பேச்சு.

## ஒன்ராறியோ

கனடாவில் மாகாணத்துக்கு மாகாணம் சட்டம் வேறு. கனடியர் அல்லாதவர் சஸ்காச்சுவனில் 10 ஏக்கருக்கு மேலும், அல்பேர்ட்டாவில் 20க்கு மேலும், மனிற்றோபாவில் 40க்கு மேலும் கமக்காணி வைத்திருக்க முடியாது. பிரின்ஸ் எட்வர்ட் தீவில் மாகாணத்துக்கு வெளியே வசிப்பவர் கனடியரானாலும் 5 ஏக்கருக்கு மேல் வாங்க அனுமதி வேண்டும். நம்மவர் நிறைந்திருக்கும் ஒன்ராறியோவில் இப்படியான எல்லை இல்லை. ஆனால் விலையே தடையாக நிற்கும்: தென்மேற்கு ஒன்ராறியோவில் நல்ல மண் ஏக்கர் 20,000 டொலரைத் தாண்டும்.

கனடாவில் ஏக்கருக்கு இவ்வளவு என்று கையில் தரும் மானியம் கிடையாது. இருப்பது நட்டத்தைத் தாங்கும் காப்பு. 2023 முதல் 2028 வரையான மத்திய, மாகாணக் கூட்டுத் திட்டத்துக்கு 350 கோடி டொலர் ஒதுக்கியிருக்கிறார்கள். கமக்காரரின் இலாப அளவு வழமையின் 70 வீதத்துக்குக் கீழே விழுந்தால், அந்தக் குறைவில் பெரும்பகுதியை ஈடு செய்வது ஒன்று. விற்பனைக் கணக்கில் நூற்றுக்கு ஒன்றை, ஆகக்கூடியது 10,000 டொலர் வரை, கமக்காரர் வைப்பிடும் காசுக்கு இணையாக அரசும் போடுவது இன்னொன்று. இரண்டும் விளைவித்து விற்றவருக்குத்தான்.

உரிமையாளருக்கு நேரடியாகப் பயன் தரும் சலுகை ஒன்று மட்டும் இங்கே இருக்கிறது: ஒன்ராறியோவில் கமக்காணிக்குரிய நகரசபை வரி, வீட்டு வரி வீதத்தின் கால்வாசிக்கு மேல் போகாது. அந்த நிலத்தில் பதிவு பெற்ற கமத்தொழில் நடக்க வேண்டும். பதிவுக்கு வருட மொத்த விற்பனை 7,000 டொலராவது வேண்டும். குத்தகைக்காரரின் பதிவே போதும். வீட்டுக்கும் அதைச் சுற்றிய ஒரு ஏக்கருக்கும் இந்தச் சலுகை இல்லை. குத்தகைக்காரர் பதிவைப் புதுப்பிக்க மறந்தால் முழு வரியும் உங்கள் தலையில். குத்தகை எழுதும்போதே இதை ஒரு நிபந்தனையாகப் போடுவது நல்லது.

மார்க்கம், ஸ்காபரோ பக்கத்து ஆட்கள் இன்னொரு எண்ணத்தோடும் வாங்குகிறார்கள்: "நகரம் வளரும், ஒருநாள் வீட்டுக்காணியாக மாறும்." வீடு கட்டுவதைத் தடுக்க 2005இல் சட்டமான பசுமை வளையம் ரொறன்ரோவைச் சுற்றி ஏறத்தாழ 20 இலட்சம் ஏக்கரைக் கட்டிப்போட்டிருக்கிறது. 2022இல் மாகாண அரசு அதில் 7,400 ஏக்கரை விடுவித்தது. ஊர் கொதித்து எழுந்து, அடுத்த வருடமே அரசு பின்வாங்கியது. இன்னொன்று, கமக்காணியைத் துண்டு போட்டுப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று கொடுக்கும் நம் வழக்கம் அங்கே எடுபடாது. பிரிப்பதற்கு நகரசபை அநேகமாக விடாது.

குடும்பமே இறங்கிக் கமம் செய்யும் என்றால் ஒன்ராறியோ நல்ல இடம். காப்பு இருக்கிறது, சந்தை இருக்கிறது, நீண்டகாலம் குடும்பம் கமம் செய்த நிலத்தை விற்கும்போது இலாப வரியில் பெரிய விலக்கும் உண்டு.

## சுவிஸும் நோர்வேயும்

மானியம் என்று பார்த்தால் உலகில் முன்னுக்கு நிற்பவை இந்த இரண்டும். வாங்குவது கடினம் என்று பார்த்தாலும் அப்படியே. சுவிஸில் 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி கமக்காணியைத் தானே கமம் செய்பவருக்குத்தான் எழுதலாம். ஊர் விலையைவிடக் கூட்டி விற்கவும் விடமாட்டார்கள். நோர்வேயில் ஓரளவு பெரிய காணி வாங்கினால் அங்கேயே குடியிருக்க வேண்டும், நிலத்தைத் தரிசாக விடக் கூடாது, அத்தோடு விற்பவரின் உறவினருக்கு மீட்டெடுக்கும் உரிமை. ஒஸ்லோவில் வேலையை விட்டு மலையோரத்தில் ஆடு வளர்க்கப் போகிறவருக்கு இது பொருந்தும். மற்றவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டலாம்.

## தமிழ்நாடு

கடலுக்கு அக்கரையில், மொழியும் ஒன்று, நிலமும் தெரிந்தது. திருச்சி, தஞ்சாவூர் பக்கம் வயல் வாங்கும் ஆசை பலருக்கு உண்டு. சட்டம் இடம் கொடுக்காது. இலங்கைக் குடிமக்கள் இந்தியாவில் ஐந்து வருடம் வரையான குத்தகை தவிர, அசையாச் சொத்து எதையும் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் வாங்க முடியாது. வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களுக்கும், வெளிநாட்டு இந்தியர் அட்டை உள்ளவர்களுக்கும் விளைநிலமும் பண்ணைவீடும் தடை. மரபுரிமையாக வந்தால் வைத்திருக்கலாம்.

"நண்பன் பெயரில் எழுதலாம்" என்பது அங்கே பினாமி. 2016இல் இறுக்கப்பட்ட சட்டப்படி சொத்துப் பறிமுதல், ஏழு வருடம் வரை சிறை. 2019இல் இருந்து நில உடைமைக் குடும்பங்களுக்கு வருடம் 6,000 இந்திய ரூபா மத்திய அரசு தருவது உண்மைதான். அந்தக் காசும் அந்த நண்பருடையது.

## இங்கேயே: வலிகாமத்துத் தோட்டம், வன்னி வயல்

வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவருக்கு இங்கே காணி எழுத 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடை போடுகிறது. இரட்டைக் குடியுரிமை எடுத்தவருக்கு அந்தத் தடை இல்லை. பெற்றார் சொத்து உரிமையாக வருவதற்கும் இல்லை. ஊரில் வாங்க நினைக்கும் பிரான்ஸ்காரர் காணி தேடுமுன் இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பதுதான் ஒழுங்கு. தங்கை பெயரில் எழுதிவிட்டுப் பிறகு மாற்றலாம் என்று இருந்த குடும்பங்களின் வழக்குகளை யாழ்ப்பாண நீதிமன்றத்தில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள்.

தேசவழமைச் சிக்கல்கள் வேறு. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி பங்காளிகளுக்கும் உரித்தாளிகளுக்கும் முன்வாங்கும் உரிமை. அறிவித்தல் கொடுக்காமல் வாங்கிய காணியை அவர்கள் வழக்காடி மீட்கலாம். மனைவியின் காணி என்றால் கணவனின் எழுத்துச் சம்மதம் தேவை. இடம்பெயர்ந்திருந்த காலத்தில் வேறொருவர் பிடித்திருந்த காணிகள் பற்றியும் விசாரிக்க வேண்டும். 1983 மேயில் இருந்து 2009 மே வரை தீவிரவாதச் செயல்களால் தங்கள் காணிக்குப் போக முடியாமல் இருந்தவர்களுக்காக 2016இல் விசேட சட்டம் ஒன்று வந்தது.

வன்னியில் ஏக்கர் மலிவு. ஆனால் கிளிநொச்சி, முல்லைத்தீவில் நிறையக் காணி 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரக் காணி. பிரதேச செயலகத்தின் சம்மதம் இல்லாமல் அதை விற்க முடியாது. வெள்ளைக் கடதாசியில் உடன்படிக்கை எழுதி வாங்கியவர் கையில் காசு கொடுத்த சாட்சி இருக்கும், காணி இருக்காது.

மானியம்? நெற்செய்கைக்கு 2024/25 பெரும்போகத்தில் உரத்துக்காக ஹெக்டேயருக்கு 25,000 ரூபா, ஆகக்கூடியது இரண்டு ஹெக்டேயருக்கு. நம் அளவில் பரப்புக்கு 630 ரூபா. கமநல சேவை நிலையத்தில் பயிர் செய்பவராகப் பதிந்தவரின் வங்கிக் கணக்குக்கு அது போகிறது. லண்டனில் இருக்கும் உரிமையாளர் தன் வயலை ஒருவருக்குக் குத்தகைக்குக் கொடுத்திருந்தால் மானியம் அந்தக் குத்தகைக்காரருக்கு, அதுதான் நியாயமும். வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு நினைத்தபடி எழுப்பவும் முடியாது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டம் குத்தகைக் கமக்காரருக்குப் பலமான உரிமை கொடுத்திருக்கிறது. வயலை மூடி வீட்டுக்காணி ஆக்குவதற்கும் அனுமதி வேண்டும்.

இங்கே மானியத்தின் நிலையாமைக்கு ஆதாரம் தேட வேண்டியதில்லை. 2005இல் 50 கிலோ உரமூடை 350 ரூபாவுக்குக் கிடைத்தது. 2021 மேயில் இரசாயன உர இறக்குமதியே நின்றது, நவம்பரில் திரும்பி வந்தது. அந்தப் போகத்தில் விதைத்தவருக்குத்தான் அதன் விலை தெரியும்.

## ஒரே பார்வையில்

| இடம் | இலங்கைக் கடவுச்சீட்டோடு வாங்கலாமா | மானியம் யாருக்கு | கமம் செய்யாத உரிமையாளருக்கு மிஞ்சுவது |
|---|---|---|---|
| பிரான்ஸ் | ஆம், சாஃபேர் குறுக்கிடலாம் | செயற்படும் கமக்காரருக்கு | நூற்றுக்கு இரண்டு அளவில் குத்தகை |
| இங்கிலாந்து | ஆம் | பழைய பயனாளிகளுக்கு, 2027 வரை | சிறு குத்தகை, நிபந்தனையோடு வரிச் சலுகை |
| ஒன்ராறியோ | ஆம் | விளைவித்து விற்பவருக்கு | குத்தகை, கால்வாசி நகரசபை வரி |
| சுவிஸ், நோர்வே | தானே கமம் செய்தால், அங்கே குடியிருந்தால் | கமக்காரருக்கு, தாராளமாக | கணக்கில் எடுக்க வேண்டாம் |
| தமிழ்நாடு | இல்லை | உள்ளூர்க் குடும்பத்துக்கு | இல்லை |
| யாழ்ப்பாணம், வன்னி | ஆம் | பதிந்து பயிர் செய்பவருக்கு | குத்தகை, நில விலையேற்றம் |

## யாருக்கு எது

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு தம்பியோடு பங்கு போட நினைப்பவருக்கு: வெளிநாட்டுக் காணி வேண்டாம். காசு போகிற வழியே இறுக்கமாக இருக்கிறது, மானியம் உங்களுக்கு இல்லை, உங்கள் பங்கு ஒரு கடதாசியிலும் நிலைக்காது. அதே காசில் தோட்டக்காணியைச் சில வருடக் குத்தகைக்கு எடுத்து, துளிநீர்ப்பாசனமும் நல்ல மோட்டரும் போடுபவர் வாங்கியவரைவிட முன்னேறக்கூடும். வலிகாமத்தில் காணியின் விலைக்கும் அதன் விளைச்சலுக்கும் அவ்வளவு தூரம். உரிமை பெருமை தரும், வட்டி கட்டாது.

பிரான்சில் வதிவிடத்தோடு இருந்து, வேலையை விட்டுத் தோட்டத்தில் இறங்கத் துணிந்தவருக்கு: இரண்டு, மூன்று ஹெக்டேயர், தண்ணீர் உள்ள இடம், நகரத்துக்கு அருகே. கோதுமை நிலத்தின் சராசரி விலையை இங்கே நம்ப வேண்டாம். தண்ணீரும் சந்தையும் உள்ள சின்னத் துண்டு கூடிய விலைக்கே போகும். முதலில் குத்தகைக்கு எடுத்துப் பாருங்கள். மூன்று வருடம் கமம் செய்த குத்தகைக்காரருக்கு அந்தச் சட்டம் கொடுக்கும் முன்வாங்கும் உரிமை அப்போது உங்கள் பக்கம் நிற்கும்.

ரொறன்ரோவில் வேலையோடு இருந்து, காசை எங்காவது நிலமாகப் போட வேண்டும் என்பவருக்கு: ஒன்ராறியோ ஏற்கலாம், கடன் இல்லாமல் வாங்க முடிந்தால். பசுமை வளையத்துக்குள் வீட்டுக்காணிக் கனவோடு வாங்க வேண்டாம்.

ஊருக்குத் திரும்பும் எண்ணம் உண்மையாகவே உள்ளவருக்கு: இரட்டைக் குடியுரிமை எடுத்த பிறகு, இங்கே. திரும்பும் எண்ணம் பேச்சளவில் மட்டும் என்றால் இங்கே வாங்கிய காணி ஆளில்லாமல் பற்றையாகி, பக்கத்துக்காரரின் வேலி நகர நகர, வழக்கில் போய் முடியும். அற்றோர்ணித் தத்துவம் யாருக்குக் கொடுப்பது என்று இரவில் யோசிக்க வைக்கும் காணி வேண்டியதில்லை.

## முற்பணத்துக்கு முன்

எந்த நாடானாலும் விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, "இந்த நிலத்தை இப்போது யார் கமம் செய்கிறார், எந்தக் கடதாசியின் பேரில்?" என்பது. விலையும் எல்லையும் பிறகு. பிரான்சில் குத்தகை வாய்ப்பேச்சாக இருந்தாலும் சட்டம் அதை 9 வருடக் குத்தகையாகவே பார்க்கும். இங்கே வயல் என்றால் கமநல சேவை நிலையப் பதிவேட்டில் பயிர் செய்பவராக யார் பெயர் இருக்கிறது என்று நேரில் போய்ப் பார்க்க வேண்டும். ஒன்ராறியோவில் குத்தகைக்காரரின் கமத்தொழில் பதிவு இலக்கத்தை வாங்கிப் பாருங்கள்.

விளம்பரத்தில் "மானியத்தோடு கூடிய காணி" என்று இருந்தால், கடந்த மூன்று வருடம் அந்த மானியம் யாருடைய வங்கிக் கணக்குக்குப் போனது என்று காட்டச் சொல்லுங்கள். காட்டினாலும், அந்தப் பெயர் விற்பவருடையதாக இல்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம்.